மாவு போடாத சோதனை

பல்செட்காரர் வீட்டு பிரெட் மெஷின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உயிரை விட்டது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்தச் சமயத்தில் அவர் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அங்கே நின்றது எவ்வளவு பெரிய தப்பு என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் தீய்ந்த ரப்பர் வாசனை. மாவைக் கலக்கிக்கொண்டிருந்த துடுப்பு பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. மூடியில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்திருந்த ஏழு வயது மகள், "அப்பா, சத்தம் நின்னுடுச்சு" என்றாள். அந்தக் குரலில் பயம் இருந்தது.

வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பொடிசுக்குக் கோதுமை ஆகாது. மூன்று வயதில், 'கோதுமை கலக்காதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த கடை பிரெட்டைத் தின்றுவிட்டுப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தது முதல் எழுத்தையும் நம்புவதில்லை, பெரியவர்களையும் நம்புவதில்லை. தட்டில் எதை வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பாள். அவள் நம்பியது, பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய அந்த மெஷினை மட்டும்தான். அரிசி மாவும் மரவள்ளி மாவும் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்து, துடுப்பு சுற்றும் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டு, "ஓடுது" என்று சொல்லிவிட்டு, சுட்டு வந்ததைத் தின்பாள். நான்கு வருடமாகத் தினம் ஒரு ரொட்டி. அதைத் தாண்டி உள்ளே போவது இரண்டு அவித்த உருளைக்கிழங்கு. எடை மட்டும் குறையக் கூடாது, குறைந்தால் மறுபடி படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புது மெஷின் வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். ஆணையம் என்று ஒன்று இருக்கும்போது அப்படியெல்லாம் போய் வாங்கிவிட முடியுமா?

ஒரு காலத்தில் மக்கள் தாங்களே கடைக்குப் போய், தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்களாம். நிறம் பிடித்திருக்கிறது என்று ஒருத்தி வாங்கினாள். எதிர்வீட்டில் இருக்கிறது என்று ஒருவன் வாங்கினான். வீட்டுக்கு வந்த பிறகு, மற்றதை வாங்கியிருக்கலாமோ என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குடிமக்கள் படும் இந்தப் பாட்டைப் பார்த்து மனம் பொறுக்காமல் அரசாங்கம் அமைத்ததுதான் வீட்டுச் சாதனத் தேர்வு ஆணையம். இரண்டு மேசைகளோடு தொடங்கியது, இப்போது ஆறு மாடி. ஆணையத்தின் சீட்டு இல்லாமல், சுற்றுகிற, சூடாகிற, சத்தம் போடுகிற எந்தப் பொருளையும் எந்தக் கடைக்காரரும் கையில் கொடுக்கமாட்டார். பத்து வருடமாகத் தப்பான மெஷின் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை என்று ஆணையம் பெருமையோடு அறிவித்திருக்கிறது. அது உண்மைதான். மெஷின் வாங்கியவரே யாரும் இல்லை.

பல்செட்காரருக்கு அலுவலகம் என்றாலே உதறல். பல் இல்லாதவர்களுக்குப் பல் கட்டித் தருவது அவர் தொழில். பல் டாக்டரின் அறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில், யார் முகத்தையும் பார்க்காமல், வாயின் அச்சுகளோடு மட்டும் குடித்தனம் நடத்துகிறவர். அவர் மனைவி அதற்கு நேர்மாறு. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாலு தெரு சந்திப்பில் லாரியையே முறைத்து நிறுத்திவிடுவாள்.

"எனக்கு லீவு கிடைக்காது. நீங்கதான் போயிட்டு வரணும்" என்றாள். "ஏன் இப்படி வெளிறிப் போறீங்க? கடிச்சா தின்னுடப் போறாங்க?"

"கடிப்பாங்களோ என்னமோ."

"கடிச்சாலும் நீங்க செஞ்சு குடுத்த பல்லாலதான் கடிக்கணும். தைரியமா போங்க."

மெஷினைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆணையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. 'நீங்கள் யோசிக்க வேண்டாம். நாங்கள் இருக்கிறோம்' என்று பெரிய எழுத்தில். அதன் கீழே சின்ன எழுத்தில், 'சாதனம் என்பது, உள்ளே பொருள் இட்டால் வெளியே பயன் தருவது எதுவோ அது' என்று விதி எண் ஒன்று. பல்செட்காரர் சின்ன எழுத்தையும் படித்தார். பயந்தவர்கள் எல்லாவற்றையும் படிப்பார்கள்.

முதல் மாடியில் மூன்றாவது கவுண்ட்டர். உள்ளே இருந்த அம்மாள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எப்ப நின்னுச்சு?"

"செவ்வாக்கிழமை காலைல ஆறு பன்னெண்டுக்குங்க."

பேனா நின்றது. தலை மெதுவாக நிமிர்ந்தது.

"இவ்வளவு கரெக்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல நின்னுட்டிருந்தேன்."

"ஓ" என்றாள் கவுண்ட்டர் அம்மாள். படிவத்தில் 'சம்பவத்தின்போது உடனிருந்தவர்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

"அது தானா நின்னுச்சுங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"இல்ல, நான் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்ல வந்தேன்."

"ஒண்ணும் பண்ணாம பக்கத்துல நின்னீங்க" என்று அதையும் எழுதிக்கொண்டாள். பல்செட்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "புதுசு வேணும்னா இருக்கறதை ஒப்படைக்கணும். கீழ அடித்தளத்துல குடுத்துட்டு, சீட்டு வாங்கிட்டு மூணாவது மாடிக்குப் போங்க."

அடித்தளம் ஜன்னல் இல்லாத நீண்ட கூடம். பழுப்புக் கோட்டு போட்ட மூன்று பேர் வரிசையாக மேசைகளில் உட்கார்ந்து, வந்த சாதனங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் ஆணி, ஆணிகளில் எல்லாம் துடுப்புகளும் பிளேடுகளும் கைப்பிடிகளும். பல்செட்காரரின் மெஷினை வாங்கிய கோட்டுக்காரர், அவர் ஒப்படைப்புச் சீட்டை மடித்துப் பையில் வைப்பதற்குள் நாலு திருகாணிகளைக் கழற்றிவிட்டார். நான்கு வருடம் பொடிசுக்குச் சோறு போட்ட துடுப்பு போய் ஓர் ஆணியில் தொங்கியது.

பக்கத்து மேசையில் ஒரு பிரெட் மெஷின் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரித்துக்கொண்டிருக்கும்போதே டிங் என்று மணியடித்தது.

"அது வேலை செய்யுதேங்க" என்று பல்செட்காரர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"செய்யலாம்" என்றார் கோட்டுக்காரர். "சீட்டு போட்டாச்சுன்னா பிரிப்போம்."

"தெரியாம வந்திருந்தா?"

"பிரிச்சப்புறம் எல்லாம் ஒண்ணுதான் சார்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார். மூன்று மாடி ஏறும் வரை அந்த டிங் சத்தம் பல்செட்காரரின் காதிலேயே இருந்தது.

மூன்றாம் மாடியில் தேர்வு அதிகாரி. மேசை மேல் ஏழு பிரெட் மெஷின்கள், எல்லாம் பளபளவென்று, உள்பாத்திரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல். அதிகாரி அன்பான மனிதர். நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார்.

"பயப்படாதீங்க. தேர்ந்தெடுக்கறது எவ்வளவு பெரிய சுமைன்னு எங்களுக்குத் தெரியும். அதைத்தான் உங்ககிட்டேருந்து வாங்கிக்கறோம். ஒவ்வொரு மெஷினையும் இருநூத்திப் பதினாலு விஷயத்துல பாக்கறோம். மூடி திறக்கற கோணம், வயர் நீளம், பட்டனை அமுக்கும்போது விரல்ல வர்ற உணர்ச்சி. ஒரு மெஷினைத் தொடர்ச்சியா நாப்பது நாள் ஓட்டிப் பாப்போம்."

"நாப்பது நாளும் பிரெட் வருமாங்க?" பல்செட்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பொடிசு இரண்டு நாளாகக் கிழங்கைக்கூடப் பாதி வைத்துவிட்டாள்.

அதிகாரி சிரித்தார். "மாவு போட மாட்டோம்."

"மாவு போடாமலா?"

"மாவு போட்டா ஒண்ணு உப்பி வருது, ஒண்ணு அமுங்கிப் போகுது, ஒண்ணு அடில பிடிச்சுக்குது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வந்தா நாங்க எப்படி ஒப்பிடறது? மாவு இல்லாம ஓட்டினா எல்லாம் ஒரே மாதிரி ஓடும். நியாயமான சோதனை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆரம்பத்துல ஒரு அதிகாரி மாவு போட்டுப் பாத்தார். ஒரே வாரத்துல, எந்த மெஷின் நல்லதுன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புறம் இந்த ஆறு மாடிக்கும் என்ன வேலை? நல்ல மனுஷன்தான். இப்ப எங்க இருக்காருன்னு தெரியல."

பல்செட்காரர் தண்ணீரைக் குடித்தார். டம்ளர் பல்லில் தட்டியது.

"நீங்க எப்பவாவது சுடறவரா, வழக்கமா சுடறவரா?"

"தினம் சுடறோங்க."

"ரொம்ப நல்லது. வழக்கமா சுடறவங்களுக்குத் தனிக் குழு, சீக்கிரம் முடிச்சுடுவாங்க. ரெண்டு நாளைக்குள்ள வீட்டுல சுட்ட பிரெட் ஒண்ணு கொண்டு வந்து காட்டணும், அவ்வளவுதான்."

"மெஷின் அடித்தளத்துல இருக்குங்களே. எப்படிச் சுடறது?"

அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டினார். "சுடலைன்னா நீங்க வழக்கமா சுடறவர் இல்லைன்னு ஆயிடும். எப்பவாவது சுடறவங்க வரிசை இப்ப ஆறாவது வருஷத்துல நிக்குது."

பல்செட்காரர் வீட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். அவருக்கு ரொட்டி சுடத் தெரியாது, மெஷினுக்குத்தான் தெரியும். முதலில் செய்தது சுவரில் ஆணி அடிக்க உதவும். இரண்டாவது, கரண்டியால் அள்ளும்படி இருந்தது. மூன்றாவதுக்குப் பிசையும்போதுதான் விரலுக்கு ஒன்று பிடிபட்டது. பல்செட்டுக்கு ஈறு கட்டும் இளஞ்சிவப்புக் கலவையை அவர் தினம் பிசைகிறவர். முதலில் மணல் போல இருக்கும், அப்புறம் நூல் நூலாக ஒட்டும், அப்புறம் ஒரு கணத்தில் விரலை விட்டு வழுக்கிக்கொண்டு வரும். அந்தக் கணத்தில் அச்சில் போட வேண்டும். மாவும் ஏறக்குறைய அதே நேரத்தில் விரலைவிட்டு வந்தது. அடி கனத்த பாத்திரத்தில் போட்டு, உப்பவிட்டு, மூடி வைத்துச் சுட்டார். ரொட்டி ரொட்டியாகவே வந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பொடிசு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது எதுலேருந்து வந்துச்சு?"

"அப்பா செஞ்சேன்மா."

"சத்தம் கேக்கலையே" என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். தள்ளிய கை மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பல்செட்காரர் அந்த எலும்பைப் பார்த்தார். ஆணையத்தின் மீதிருந்த பயத்தைவிட அது பெரிய பயமாக இருந்தது. அதனால்தான் மறுநாள் பத்து மணிக்கு வரச்சொன்ன இடத்தில் ஏழரைக்கே போய், ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர். ஒரு பக்கம் ஒலி நிபுணர், இன்னொரு பக்கம், மெஷின் மூடியின் கண்ணாடியைச் சோதிக்கும் ஜன்னல் நிபுணர். தலைவர் வாயைத் திறந்து வணக்கம் சொன்னதும் பல்செட்காரருக்கு மூச்சு நின்றது. மேல் வரிசை, இடது பக்கம், மூன்றாவது பல். பார்க்கிறவர்களுக்குச் சொந்தப் பல் என்று தோன்றட்டும் என்று அந்தப் பல்லில் மட்டும் லேசாக ஒரு மஞ்சள் நிழல் வைத்துக் கொடுத்தது அவர்தான். தலைவரின் வாயில் இருப்பது தலைவருடையது அல்ல என்பது இந்த அறையில் தனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துவைத்திருப்பதற்கு என்ன தண்டனையோ என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நல்லா உப்பியிருக்கு" என்றார் தலைவர். "எந்த மெஷின்?"

"மெஷின் இல்லைங்க. கையால..."

ஒலி நிபுணர் கோப்பைத் திறந்தார். ஜன்னல் நிபுணர் ஜன்னலை மூடினார்.

"மெஷின் இல்லாம பிரெட் எப்படி வரும்?" என்றார் தலைவர். "உள்ள மாவு போச்சு, வெளிய பிரெட் வந்துச்சு. நடுவுல ஒண்ணு இருக்கணுமே. விதி ஒண்ணு என்ன சொல்லுது?"

"நடுவுல நான்தாங்க இருந்தேன்."

"அப்ப அதுதான் சாதனம். பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"எதைங்க?"

"உங்களை."

தலைவர் பெருமூச்சு விட்டார். அவரும் அன்பான மனிதர்தான். அந்தக் கட்டடத்தில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை, அதுதான் தொந்தரவு.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. ஒரு தடவைகூட நான் சொந்தமா ஒரு முடிவு எடுத்ததில்ல. எல்லாத்தையும் விதிப்படிதான் செஞ்சிருக்கேன். அதனாலதான் மத்தவங்களுக்கு முடிவெடுக்கற இடத்துல என்னை உக்கார வெச்சிருக்காங்க. பதிவில்லாத சாதனத்தைப் பறிமுதல் பண்ணி அடித்தளத்துக்கு அனுப்பணும். அது ஒரு வழி. இல்ல, இப்பவே சோதனை பண்ணிப் பதிவு பண்ணிக்கலாம். அது இன்னொரு வழி. நீங்க யோசிக்க வேண்டாம். நாங்க யோசிச்சுட்டோம்."

ஒரு காலிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள்.

"மாவு?" என்றார் பல்செட்காரர்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆரம்பிங்க" என்றார் தலைவர்.

நாற்பது நிமிடம் பல்செட்காரர் காற்றைப் பிசைந்தார். ஒலி நிபுணர் ஒரு கருவியை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார். பயத்தில் மூச்சுக்கூடச் சரியாக வராததால் 'ஒலி: மிகக் குறைவு' என்று பதிவாயிற்று. உள்ளே நடப்பது வெளியே தெரிகிறதா என்று ஜன்னல் நிபுணர் அவர் முகத்தை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ஜன்னலை நான் பாத்ததே இல்ல. அப்படியே தெரியுது" என்று முழு மதிப்பெண் போட்டார். குறித்த நேரத்துக்கு இயங்கத் தொடங்குமா என்ற கேள்விக்கு, பத்து மணிக்குச் சொன்னால் ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருந்ததாகக் காவலாளி சாட்சி சொன்னார். ஒரே ஒரு இடத்தில்தான் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். 'அதிர்வு: மிக அதிகம். கண்காணிக்கப்பட வேண்டியது.'

கடைசியில் தலைவர் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மேலோடு கெட்டியாக இருந்து மூன்றாவது பல் தெறித்துவிட்டால் தன் கதி அதோகதிதான். பல் தாங்கியது. தலைவர் இன்னொரு துண்டு பிய்த்தார். அப்புறம் இன்னொன்று. முகம் கொஞ்சம் மாறி, சாதாரண மனிதர் ஒருவரின் முகம் போல ஆகிவிட்டது.

"ரொம்ப நல்லாருக்கே" என்றார் மெதுவாக.

"அதை எழுதிக்கலாமா சார்?" என்றார் ஒலி நிபுணர்.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சுவை நம்ம பட்டியல்ல இல்லையே."

பதிவு முடிந்தது. பல்செட்காரரின் வலது மணிக்கட்டில் ஒரு தகரப் பட்டையை மாட்டி, குறட்டால் நெரித்து மூடினார்கள். அதில் ஒரு பதினோரு இலக்க எண். கூடவே நிபந்தனைத் தாள். இயங்கும்போது ஒலி எழுப்பினால் பழுதாகக் கருதப்படும். அதிர்வு கூடினால் பழுதாகக் கருதப்படும். பழுதான சாதனத்தை அடித்தளத்தில் ஒப்படைக்க வேண்டும். புது மெஷின் கேட்ட மனு அப்படியே நிலுவையில் இருக்கும் என்றும், இடைக்காலத்துக்கு இந்தச் சாதனத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் தாள் சொன்னது.

நடந்ததைக் கேட்டு மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் தகரப் பட்டையைப் பார்த்தாள். பேருந்தின் டூல்பாக்ஸிலிருந்து குறடு கொண்டுவந்து நெம்பப் போனவளின் கையைப் பல்செட்காரர் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். நீ அந்தக் கூடத்தைப் பாக்கல."

அவர் குரலில் என்ன இருந்ததோ, லாரியை முறைக்கிறவள் அதைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை அவர் மாவு பிசையும்போது பொடிசு பக்கத்தில் வந்து நின்றாள். அரிசி மாவு உள்ளே போவதைப் பார்த்தாள். மரவள்ளி மாவு போவதைப் பார்த்தாள். அவர் கை சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெஷினில் வைப்பது போலவே அவர் நெஞ்சில் காதை வைத்தாள். ஆணையத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"ஓடுது" என்றாள்.

சுட்டதும் ஆறக்கூட விடாமல் இரண்டு துண்டு தின்றாள். பல்செட்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். சத்தம் வராமல் அழுதார், நிபந்தனை நினைவிருந்தது.

மூன்று மாதம் ஓடியது. பொடிசின் மணிக்கட்டில் எலும்பு மறைந்தது. அப்போதுதான் ஆணையத்திலிருந்து தடிமனான ஓர் உறை வந்தது. மனைவி உரக்கப் படித்தாள்.

"'மகிழ்ச்சியான செய்தி. தங்களுக்காக ஆணையம் தேர்ந்தெடுத்த ரொட்டி இயந்திரம் தயாராக உள்ளது. முப்பத்தொரு வகை ரொட்டிகள் சுடும். தற்போது பயன்பாட்டில் உள்ள சாதனத்தை அடித்தளத்தில் ஒப்படைத்துவிட்டு...'" அவள் தாளைத் திருப்பினாள். "'ஏழு நாளில் ஒப்படைக்காவிட்டால் ஊழியர்கள் நேரில் வந்து எடுத்துக்கொள்வார்கள்.'"

பல்செட்காரர் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆணிகள் நிறைந்த அந்தச் சுவரில் எது எங்கே தொங்கும் என்று தன்னையறியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாவைப் பிரிச்சுடுவாங்களா?" என்றாள் பொடிசு.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் மனைவி. ஆனால் அன்றே உட்கார்ந்து, இருக்கும் சாதனம் நன்றாக வேலை செய்கிறது, புதியது வேண்டாம் என்று கடிதம் எழுதி, போகிற வழியில் பேருந்தை நிறுத்தி இறங்கித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. மறுப்பை ஏற்கலாம். சாதனம் ஒழுங்காக இயங்குவதை ஆய்வாளர் நேரில் பார்த்து எழுத வேண்டும்.

ஆய்வாளர் வந்தது மனைவி முதல் வண்டியை எடுக்கப் போயிருந்த காலை நேரம். கதவைத் திறந்தது பொடிசு. வாசலில் நின்றது வேறு யாருமில்லை, மூன்றாவது கவுண்ட்டர் அம்மாள். பதவி உயர்ந்திருந்தாள். சமையலறைக்கு வந்து, பிசைந்துகொண்டிருந்த பல்செட்காரரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி எண்ணைச் சரிபார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தெரியலையாம்மா, அன்றைக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் என்று எழுதினீர்களே என்று கேட்க அவருக்கு வாய் வரை வந்தது. ஒலி எழுப்பினால் பழுது. விழுங்கிக்கொண்டார்.

"பிரெட் ஒழுங்கா வருதா பாப்பா?"

"வருது" என்றாள் பொடிசு.

"சத்தம் போடுதா?"

"போடாது."

அம்மாளின் பேனா தாளில் இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றது. பல்செட்காரரின் கைகள் நடுங்கின. நடுங்கக் கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் நடுங்கின. பாத்திரம் மேடைமேல் கடகடவென்று ஆடியது.

"அதிர்வு ரொம்ப இருக்கே" என்றாள் அம்மாள். "பதிவு பண்ணும்போதே குறிச்சிருக்கு. இது சரியில்லையே." பையிலிருந்து ஒப்படைப்புச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

பொடிசு அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"நடுங்கினாத்தான் ஆன்ட்டி மாவு நல்லாக் கலக்கும்" என்றாள். "பழைய மெஷின் நடுங்காது. அதான் அடில கட்டி கட்டியா நிக்கும்."

அம்மாள் யோசித்தாள். ஆறு மாடியில் மாவைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லாததால் மறுத்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. 'அதிர்வு: கூடுதல் வசதி' என்று எழுதிவிட்டுச் சீட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். பல்செட்காரருக்கு மூச்சு திரும்பியது. சட்டென்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, படிவத்தின் அடியில் காலியாக இருந்த இடத்தில் கையெழுத்துப் போட, எப்போதும் செய்கிற பழக்கத்தில், பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

அம்மாள் படிவத்தை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். முதல் தடவையாக அவளுக்கே கொஞ்சம் பயம் வந்தது போல இருந்தது.

"இது ஏன் கை நீட்டுது?" என்றாள். "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். அப்பாவைக் கூப்பிடு பாப்பா."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சீட்டுப் புத்தகத்தின் முனை பையிலிருந்து இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பொடிசு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா வேலைக்குப் போயிருக்காங்க" என்றாள். "சாயங்காலம் வருவாங்க."

"சரி. வந்ததும் போட்டு அனுப்பச் சொல்லு" என்று படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாள் போனாள். பல்செட்காரர் நீட்டிய கையை மெதுவாக மடக்கி, மாவுக்குள் வைத்துப் பிசையத் தொடங்கினார். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பொடிசு ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, வந்துட்டியா?"

"வந்துட்டேன்மா" என்றார் பல்செட்காரர், சத்தம் வராமல். கைகள் நிற்கவில்லை.